நான்காம் தேதி பணம் எடுப்பவர்

மானாம்பதி மோகன்குமார் என் கடைக்குள் வந்தால் முதலில் மேலே பார்ப்பார். கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்ற பிறகுதான் சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுப்பார். ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால், மிஷினின் மூடியைத் தூக்கி உள்ளே இன்னொரு காகிதம் தங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்பது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை.

"அண்ணா, உங்க ஆதார வெச்சிக்கினு நான் இன்னா அமெரிக்காவா பூடப் போறேன்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உன்ன சொல்லல திவ்யா. மிஷின சொன்னேன்" என்றார், சிரிக்காமல்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. திருமுக்கூடல் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. எரிந்த கம்பியைப் பிரித்தவுடன் வாடிக்கையாளர் கண்ணெதிரே தராசில் வைத்து, எடையைச் சொல்லி, பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். செம்பு விற்கிற விலைக்கு வேறு எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்வதில்லை. அவர் யாரையும் ஒரு பைசா ஏமாற்றியவர் இல்லை. ஆனால் ஊரே தன்னை ஏமாற்றக் காத்திருக்கிறது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் நெஞ்சு எரிகிறது எனக்கு.

ஆறு வருடத்துக்கு முன்னால் வங்கியில் கடன் வாங்கி வீடு கட்டினார். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு காலி மனை. அது சென்னையில் இருக்கும் ஸ்ரீகாந்த் என்பவருடையது. மோட்டார் ஏற்றிவரும் குட்டியானை வேன் அந்த மனை வழியாகத்தான் பட்டறைக்கு வரும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. போன ஆனி மாதக் கடைசியில் ஸ்ரீகாந்த் காரில் வந்து இறங்கினார்.

"மனைய விக்கறேன் மோகன். படப்பை பார்ட்டி ஒருத்தர் குடோன் கட்ட கேட்டிருக்கார். உனக்கு வண்டி வர்ற வழி வேணும்னா, பன்னண்டு அடி அகலம் உனக்கே எழுதித் தரேன். நாலு லட்சம் குடு. ஆடில யாரும் பத்திரம் பண்ண மாட்டாங்க. ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் உனக்காகக் காத்திருக்கேன். அப்புறம் ஆள் நடக்க மூணு அடி விட்டுட்டு மொத்தத்தையும் குடுத்துடுவேன்."

நல்ல மனுஷன் பேச்சு. ஆனால் மோகன்குமார் அதற்கும் என் கடைக்கு வந்தார். படப்பை பார்ட்டி என்று ஒருவன் இருக்கிறானா, இல்லை விலையேற்ற ஸ்ரீகாந்த் விடும் கதையா என்று ஆரம்பித்தார். மனைக்கு வில்லங்கச் சான்று போட்டுக் கொடுத்தேன். சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருப்பதே சரியில்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னார். ஆடியில் பத்து நாள் இப்படியே போனது.

பிறகுதான் வங்கிக்குப் போனார். வீட்டுக் கடன் மேலேயே இன்னொரு நாலு லட்சம், டாப்-அப் என்று கேட்டார். ஆறு வருடமாக ஒரு தவணை தவறாமல் கவுண்டரிலேயே நின்று பணம் கட்டி, பாஸ்புக்கில் பதிந்து வாங்கியவர். தராமல் எங்கே போவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டு, முடியாது என்றுவிட்டார்கள். சிபில் ஸ்கோர் ரொம்பக் குறைவாம்.

நேராக என் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"எவனோ என் பேர்ல கடன் வாங்கி கீறான் திவ்யா. இல்லன்னா அந்தப் படப்பைக்காரன் மேனேஜருக்கு துட்டு குடுத்து கீறான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என் ஓடிபி யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"இன்னாண்ணா கேக்கறீங்க? எனக்குத்தான் தெரியும். நாலு லட்சத்த எடுத்து எங்க வூட்டு பரண் மேல வெச்சி கீறேன், வந்து பாருங்க!" எனக்கு வந்த கோபத்தில் கடையில் நின்றிருந்த இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள்.

கத்திவிட்டு, நானே அவருடைய கடன் அறிக்கையை எடுத்து அச்சடித்தேன். திருட்டுக் கடன் எதுவும் அதில் இல்லை. இருந்தது இரண்டே கடன். ஒன்று வீட்டுக் கடன், அதில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, இரண்டு வருடத்துக்கு முன் குத்புதீன் பாய் கடையில் ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ். பதினெட்டு தவணை. பதினெட்டும் தாமதம் என்று போட்டிருந்தது. இன்னும் ஒன்பதாயிரம் பாக்கி, கடன் முடியவில்லை.

"பொய்!" என்று எழுந்தே விட்டார். பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் அடித்தார். பதினெட்டு ரசீது. எல்லாவற்றிலும் முழுத் தொகை, தேதி, கையெழுத்து.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லா ரசீதும் எட்டாம் தேதி.

"தவணை அஞ்சாம் தேதிதானேண்ணா? அக்கவுண்ட்லருந்து தானா எடுத்துக்குவாங்களே?"

"எடுத்துக்குவானாம்! எவன் நம்புவான்? இன்னிக்கி ரெண்டாயிரம் எடுப்பான், நாளைக்கி இருபதாயிரம் எடுப்பான். நான் நாலாம் தேதியே அக்கவுண்ட சுத்தமா தொடச்சிடுவேன். எட்டாம் தேதி அவன் ஆள் வூட்டுக்கு வருவான். கையில துட்டு, கையில ரசீது. அபராதம்னு மாசம் ஐந்நூறு கேட்டான். அது அவன் பெட்ரோலுக்கு அடிக்கிற கொள்ளை, குடுக்க மாட்டேன்னுட்டேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்தாம் தேதி கம்பெனி கணக்கைத் தொடும், உள்ளே காசு இருக்காது, தவணை திரும்பிவிட்டது என்று பதிவாகும். அதற்கான அபராதம்தான் அந்த ஐந்நூறு. இப்படி ஒன்றரை வருடம் சேர்ந்ததுதான் அந்த ஒன்பதாயிரம். மெசேஜ் வந்திருக்குமே என்று கேட்டேன். கடன் என்று எந்த மெசேஜ் வந்தாலும் திருட்டுப் பயல்கள் அனுப்புவது, படிக்காமலே அழித்துவிடுவாராம்.

அப்படியும் நம்பவில்லை. நேராக குத்புதீன் பாய் கடைக்குப் போனார். ஏதாவது வம்பு ஆகிவிடப் போகிறதென்று நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். போனதும், "கமிஷனுக்கு என்ன மாட்டி வுட்டுட்டியே பாய்" என்றார். பாய் கோபப்படவில்லை. கம்பெனிக்கு போன் போட்டார். ஒன்பதாயிரத்தையும் அன்றே கட்டவைத்து, கடன் முடிந்ததற்குக் கடிதம் வாங்கிக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். மேனேஜர் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "வீட்டுக் கடனை ஒழுங்கா கட்டறீங்க, எனக்குத் தெரியுது. ஆனா மேற்கொண்டு கொடுக்கணும்னா மத்த கடனை எப்படிக் கட்டினீங்கன்னும் பார்ப்பாங்க. பாக்கி முடிஞ்சது பதிவாகவே ஒரு மாசம் ஆகும். பதினெட்டு தாமதம் அழியாது. ஒரு வருஷம் போகட்டும், வாங்க."

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

திரும்பும்போது குத்புதீன் பாய் கடை வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் தாடியைத் தடவினார்.

"நாலு லட்சம்தானே மோகன்? நான் தரேன். வட்டி நான் வாங்கறதில்ல, உனக்குத் தெரியும். பத்திரமும் வேணாம். முடிஞ்சப்ப முடிஞ்சத குடு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோகன்குமார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாத்துக்கு பாய்?"

"எங்க தோட்டத்து மோட்டார்ல அரை கிலோ செம்பு எடை போடறப்ப விட்டுப்போச்சின்னு மானாம்பதியிலருந்து சைக்கிள்ல கொண்டாந்து குடுத்தியே, மறந்துட்டியா? உன்ன நம்பாம யார நம்பறது?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டார். யோசித்தார், ஐயா, பன்னிரண்டு நாளும் யோசித்தார். வட்டி இல்லாமல் எவனாவது கொடுப்பானா? பத்திரம் கேட்காதவன் பின்னால் எதைக் கேட்பான்? பட்டறை மேல் கண்ணா, வீட்டின் மேல் கண்ணா? அவர் மனைவி கோவிந்தம்மாள் எனக்கு போன் செய்து அழுதார். "ஒரே ஒரு ஆள, ஒரே ஒரு வாட்டி நம்பினா செத்தா பூடுவ, வழி பூட்டா சோறு எங்கருந்து வரும்னு கத்திட்டேன் திவ்யா. செவுத்த பாத்துக்கினு உக்காந்து கீறாரு."

முகூர்த்தத்தன்று மொத்த மனையும் கைமாறிப் பத்திரம் பதிவானது. படப்பை பார்ட்டி என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார். புரட்டாசி முடிவதற்குள் எட்டடிச் சுவர் எழுந்துவிட்டது. ஓரத்தில் மூன்று அடி சந்து. வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. வண்டி வராத பட்டறைக்கு ஆள் வைத்து மோட்டார் தூக்கிவர யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு மோட்டார் எரிந்தது. குத்புதீன் பாய் தோட்டத்து மோட்டாரும் எரிந்திருந்தது. பாய் இரண்டையும் ஒரே குட்டியானையில் ஏற்றினார். வழியில், காஞ்சிபுரத்தில் வேறு மெக்கானிக் இருக்கிறாரே என்று டிரைவர் சொன்னதற்கு, "மானாம்பதிக்கே போ" என்றார். நானும் முன்னால் உட்கார்ந்து போனேன்.

வண்டி தெருவிலேயே நின்றுவிட்டது. மோகன்குமார் சந்து வழியாக வந்தார். பாயைப் பார்த்ததும் நின்றார். பாயே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாரின் ஒரு முனையைப் பிடித்தார். ஆள் உயர மோட்டார். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடிந்தது. நான் பின்னாலேயே குடை பிடித்துப் போனேன். பாதிச் சந்தில் மோகன்குமாரின் முழங்கை சுவரில் உரசித் தோல் கிழிந்தது. மோட்டாரைக் கீழே வைக்காமலே நின்றார்.

"அன்னிக்கே வாங்கிக்கினு இருந்திருக்கணும் பாய்" என்றார்.

பாய் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்து வா மோகன்" என்றார். "இந்தாண்ட செவுரு இன்னும் நெருக்கமா கீது."