மூன்றாவது ஆல்பமும் றக்வான பஸ்ஸும்

எங்கள் ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்டின் முதல் ஆல்பத்தில் ஒரே கத்தல். இரண்டாவதில் கத்தலைக் குறைத்து கிடாரைக் கூட்டினோம். மூன்றாவதில், நமக்கென்று ஒரு சத்தம் வேண்டுமென்று தேயிலைத் தோட்டத்துத் தப்பு மேளத்தைச் சேர்த்தோம். இதை வளர்ச்சி என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்று றக்வான ஊருக்குப் போகும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின் சீட்டில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் பார்வதி பெரியம்மா பக்கத்தில் இடம் கிடைத்தது. புது ஆல்பத்தின் காதல் பாட்டைப் போனில் சத்தமாகப் போட்டுக் காட்டினேன்.

தப்புச் சத்தம் தொடங்கியதும் பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

டிரைவர் வளைவில் பஸ்ஸை ஓரங்கட்டினார். எதிரே பாடை வருமென்று எல்லோரும் பார்த்தார்கள்.

வரவில்லை.

கண்டக்டர் சிங்களத்தில், யார் வீட்டில் என்று மெதுவாகக் கேட்டார். நான் போனைத் தூக்கிக் காட்டினேன்.

“யாரு தம்பி போயிட்டாங்க?” என்றார் பெரியம்மா.

“யாரும் இல்லங்க பெரியம்மா. இது எங்க லவ் பாட்டு.”

“இது சாவுக்கு அடிக்கிற அடிப்பா.”

உண்மைதான். ட்ரம்மர் செல்வம் இதை முதலில் அடித்தபோது, “மனசுக்குள்ளேயே இருந்த தாளம்டா” என்று எல்லோரும் அவனைக் கட்டிப்பிடித்தோம். மனசுக்குள் எப்படி வந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

பஸ் கிளம்பியது. பெரியம்மா பாட்டைக் கடைசி வரை கேட்டார்.

“அடிச்சது யாரு?”

“நம்ம செல்வம்.”

“நல்லா அடிக்கிறான். என் சாவுக்கு அவனையே வரச் சொல்லு.”

மூன்று ஆல்பத்துக்குப் பிறகு எங்களுக்கு வந்திருக்கும் முதல் புக்கிங் இது. தேதியை எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.