காசிம் நானாவின் ‘நோ’

தைத்த கால்சட்டைகளைக் கொடுக்க லுணுகலைக்குப் போயிருந்தேன். பதுளையிலிருந்து வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் சொன்னார்: “தையக்கார காசிம் நானா மௌத்தாகிட்டாருங்க. வெரசா போங்க.” நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

பதுளைக் கடைத்தெருவில் அவருடைய மிஷினுக்குப் பக்கத்து மிஷினில் என் பாதி வாழ்வு கழிந்தது. அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

தேயிலைத் தோட்டத்து பங்களாக்களின் வெள்ளைக்காரத் துரைசானிகளிடம் அவர் ‘நோ’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்படியும் கடைசியில் அவர் நினைத்தபடிதான் கவுன் தைக்கப்படும். இது என்ன வித்தை என்று எனக்கு முதல் நாளிலிருந்தே குடைச்சல். நமுனுகுலத் தோட்டத்துத் துரைசானி ஒருமுறை தோளை இறுக்கிப் பிடிக்கும் கை வேண்டும் என்றார். “யெஸ் மேடம், வெரி நைஸ். ஒன்லி, கை மேலே போகாது” என்று தம் கையைப் பாதி தூக்கி, மாட்டிக்கொண்டவர்போல முகத்தைச் சுளித்தார் நானா. துரைசானி சிரித்துவிட்டார். கவுனின் கை தளர்ந்தது.

“நோன்னா வாடிக்கை போயிரும் தம்பி. ஒன்லின்னா பிடிவாதம் மட்டும்தான் போகும்” என்பார்.

அதே துரைசானியின் கணவர் ஒருநாள் குதிரையில் வந்து இறங்கினார். பின்னால் கங்காணி, கொழுந்தெடுக்கும் மாரியாயியை இழுத்துக்கொண்டு வந்தார். துரையின் கையில் ஒரு பூப்போட்ட குழந்தைச் சட்டை. துரைசானியின் கவுனும் அதே துணி. திருடிய துணி என்று மாரியாயியைக் குடும்பத்தோடு லயக் குடியிருப்பை விட்டு விரட்டத் தீர்மானித்துவிட்டார். உண்மையில் அந்தத் துண்டு எங்கள் கடைத் துணியில் மிஞ்சியது. நானாதான் கொடுத்தார், நான் பார்த்திருந்தேன்.

“யூ டிட் நாட் கிவ் ஹெர் திஸ்?” இதை நீ இவளுக்குக் கொடுக்கவில்லையே என்று துரை கேட்டார்.

நானா மிஷினைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நோ மாஸ்டர்! நோ! நோ!”

வாழ்நாளில் முதல் ‘நோ’. துரை சிரித்தார். கங்காணி மாரியாயியின் கையைப் பிடித்தார்.

“நானா, நீங்கதானே குடுத்தீங்க! சொல்லுங்க நானா!” என்று மாரியாயி அலறினார்.

நானா துரையின் சிரிப்பையே பார்த்தார். பிறகு கடை அதிரக் கத்தினார்: “மாஸ்டர் ராங்! ஐ கிவ்!”

துரையின் முகம் சிவந்தது. நானா அலமாரியிலிருந்த மீதித் துணியை எடுத்து அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் விரித்தார். துரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குதிரை ஏறினார். மாரியாயி லயத்துக்குத் திரும்பினார். பங்களா வேலை நெடுநாள் எங்களுக்கு வரவில்லை. பிறகு துரைசானியே வந்தார்.

“மறுத்துச் சொன்னீங்க, அவரு ஏன் நானா சிரிச்சாரு?” என்று அன்று கேட்டேன்.

“அதைத்தான் நானும் யோசிச்சேன். நாம எதிர்த்துப் பேசறப்போ ஒரு துரை சிரிச்சா, நம்ம பேச்சு அவருகிட்ட போய்ச் சேரல்லன்னு அர்த்தம்.”

இருவரும் சாயங்காலம் வரை அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். ‘கொடுக்கலையா?’ என்றால் ‘இல்லீங்க, கொடுத்தேன்’ என்போம் நாம். நம்முடைய ‘இல்லை’ கேட்டவரை மறுக்கிறது. அவர்களுடைய ‘நோ’வோ, கொடுக்கவே இல்லை என்கிறது. இது தெரிந்ததும் நானாவுக்குக் குழந்தைபோலச் சந்தோஷம்.

அடக்கத்துக்கு மறுநாள் கடையைத் திறந்தேன். துரைசானி வந்தார். காலியான மிஷினைப் பார்த்து, “காசிம் இஸ் நாட் ஹியர்?” என்றார்.

“யெஸ் மேடம்” என்றேன். ‘ஆமாம், அவர் இல்லை’ என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கினார்.

என் தவறு உடனே புரிந்தது: என் ‘யெஸ்’ அவர் காதில் ‘இருக்கிறார்’ என்று விழுந்திருக்கிறது. ஆனாலும் உடனே திருத்த மனம் வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம், நானா, நீங்கள் உள்ளே துணி எடுக்கத்தான் போயிருந்தீர்கள். போய் வாருங்கள்.