அண்ணன் பெயரும் உப்புத்தாளும்

என் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி கதையை ஆரம்பித்தாலே கடைசியில் அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று கேட்பவர்கள் தயாராகிவிடுகிறார்கள். அந்தக் கண்றாவியெல்லாம் நடக்கவில்லை.

நான் ராயபுரத்துக் கிறிஸ்தவப் பெண். கட்டிக்கொண்டது வியாசர்பாடிக்காரரை. ரயில்வே வேலை, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அன்றோடு அண்ணனுக்கு நான் செத்தவள். அம்மா மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தாள். வாதம் வந்து கால் விழுந்தபிறகு ஹவுசிங் போர்டில் என்னோடுதான் இருந்தாள். என் கையால் கஞ்சி குடித்து, என் மடியில்தான் போனாள். அண்ணன் அதற்கப்புறம் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் நின்று பெட்டியைத் தூக்கினான். தெருவே அவனுக்குத்தான் ஆறுதல் சொன்னது.

கல்லறையைக் கட்டியவனும் அவன்தான். சிலுவைக்குக் கீழே ஒரு சிமெண்டுப் பலகை. மேலே அம்மாவின் பெயர். அடியில் ‘கண்ணீருடன் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள்’ என்று அவன் வீட்டுப் பெயர்கள் மட்டும். நேராக அவன் வாசலுக்கே போய்க் கேட்டேன்.

“மாதா கோயில்ல தாலி கட்டிக்கினவங்க பேருதாம்மே கல்லறயில வரும்” என்றான். “நீதான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிகினு போய்ட்டியே. அங்க போய்த் தேடு உன் பேர.”

அண்ணி உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி வருகிற வழியிலேயே, இவனை விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் எந்தப் பெயிண்டும் நிற்காது. அதனால் நவம்பரில் கல்லறைத் திருநாள் வருவதற்குள் எல்லாக் குடும்பமும் வந்து புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, உதிர்ந்த எழுத்துகளைக் கறுப்பு எனாமலில் திரும்ப எழுதும். எனக்கு அது போதும். முந்தின நாளே உப்புத்தாளோடு போனேன். பலகையிலிருந்து அண்ணன் பெயரையும் அவன் வீட்டார் பெயர்களையும் தேய்த்து எடுத்தேன். கை வலிக்க வலிக்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த இடத்தில் ‘மகள்’ என்று போட்டு என் பெயரை எழுதினேன். மறுநாள் காலை அவன் வந்து என்னை அழித்துவிட்டு அவனை எழுதினான். அடுத்த வருஷம் நான் அழித்தேன். அவன் எழுதினான். இப்படியே வருஷாவருஷம். ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவே இல்லை. என் வீட்டுக்காரர், “ஒங்கம்மா படுத்துகினு சிரிக்கும்மே” என்பார். அவருக்கு என்ன தெரியும், அவர் பெயரை எவன் அழித்தான்?

போன வருஷமும் போனேன். வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் கல்லறைக்குப் புதிதாக ஓர் அம்மா வந்திருந்தாள். அந்த மழைக்காலத்தில்தான் மகளைப் புதைத்தவள் என்று அவளே சொன்னாள். நான் தேய்க்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, யாரு மேல கோவம்?” என்று கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தேன். அண்ணன் வாசலில் சொன்னது, அண்ணி நிமிராதது, வெள்ளைச் சட்டை, ஒன்று பாக்கி வைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“அண்ணன் கத இருக்கட்டும்க்கா. அம்மா எப்டி இருப்பாங்க? அவங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. பேருகூட இல்ல மேல.”

நிமிர்ந்து பார்த்தேன். பலகையின் மேல்வரி வெறும் வெள்ளையாக இருந்தது. அம்மாவின் பெயர் எப்போதோ உதிர்ந்து, அதன் மேல் நானே சுண்ணாம்பும் அடித்திருக்கிறேன். அடிவரிக்காக அடித்துக்கொண்டோமே தவிர, அந்த வரியை அவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

அம்மா எப்படி இருப்பாள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் பேசியது மூச்சு விடுகிற இடம் உட்பட மனப்பாடமாக இருந்தது. அம்மா என்னிடம் கடைசியாக என்ன கேட்டாள்? தண்ணீரா, ஜன்னலைத் திறக்கச் சொன்னாளா? நினைவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தப் பாவியை மனசுக்குள் உட்கார வைத்து, வருஷக்கணக்காக அவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இடமே விடவில்லை.

அடிவரியை அப்படியே வெறுமையாக விட்டேன். மேலே அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதினேன். எழுத எழுத ஒவ்வொன்றாக வந்தது. ஐஸ் கம்பெனியில் இறால் உரித்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் நாற்றம் போக எலுமிச்சைத்தோலால் கையைத் தேய்ப்பாள். அப்பா குடித்துவிட்டு வந்தால் மறுநாள் குழம்பில் உப்பே இருக்காது. அதுதான் அவள் பழி வாங்குவது. அதற்கு அடுத்த நாள் உப்பு சரியாக இருக்கும். எனக்கு அவள் கோபம் மட்டும் வந்திருக்கிறது, அந்த அடுத்த நாள் வரவில்லை. பக்கத்து அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளும் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் அண்ணன் வருவதற்கு முன்பே போய் நின்றேன். எனாமல் டப்பாவும் பிரஷுமாக வந்தான். தலை நரைத்து, இளைத்திருந்தான். எனக்கு இரக்கமெல்லாம் வரவில்லை. ஆனால் பலகையில் புதிதாக எழுதியிருந்த அம்மாவின் பெயரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதைக் கவனித்தேன்.

“அம்மா பேரு போய்ட்ச்சா?” என்றான்.

“போயி எத்தினி வருஷமோ. உனுக்கும் தெரியல, எனுக்கும் தெரியல.”

பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அடுத்த வரிசை வரைக்கும் வந்துவிட்டார். அண்ணன் வெறுமையாக இருந்த அடிவரியைக் காட்டி, “எழுதட்டா?” என்று என்னிடம் கேட்டான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

“எழுது. மொதல்ல என் பேர எழுது.”

கல்லறை ஓரத்தில் முட்டி போட்டு எழுதினான். ‘மகள்’ என்று அவன் கையாலேயே எழுதினான். நான் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பாவமென்று எந்தக் கோயிலில் போய் ஒப்புவிக்கவும் எனக்கு உத்தேசமில்லை.

“கோணலா கீது. அழிச்சிட்டு எழுது” என்றேன்.

உப்புத்தாளைக் கொடுத்தேன். தேய்த்துவிட்டுத் திரும்ப எழுதினான். இந்தத் தடவை நேராக இருந்தது. அவன் பெயரை எழுதக் குனிந்தபோது பிரஷை நான் வாங்கிக்கொண்டேன். அழித்து அழித்து எனக்கு அந்த எழுத்துகளெல்லாம் அத்துப்படி. என் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக, அவன் பெயரை நானே எழுதினேன்.