நன்றியாகக் கொடுத்த வெள்ளி இதயம்

எட்டாம் மாதத்தில் என் மகள் இடது மார்பில் குடிக்க மறுத்தாள். முகத்தைத் திருப்பி வலது பக்கத்தைத் தேடினாள். பால் கட்டியிருக்கும் என்று ஒத்தடம் கொடுத்தேன். குளிக்கும்போது விரலில் பட்டது: கடலையளவு, அசையாதது.

மன்னாரில் ஸ்கான் செய்தபின் சத்திரசிகிச்சை டொக்டர், அவரும் ஒரு பெண், மெதுவாகச் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ. ஆனால் ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாக்கவேணும்." பயொப்சி (கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சோதித்தல்) செய்ய அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

அதற்கிடையில் கனடாவிலிருக்கும் மச்சாள் தொலைபேசியில் வந்தாள். "பால் குடுக்கிற நெஞ்சில ஊசி குத்த விடாதை. இப்ப இரத்தத்திலயே பாக்கலாம்."

அப்படியொரு சோதனை இருப்பது உண்மை. புற்றணுக்கள் சிதையும்போது அவற்றின் டிஎன்ஏ (மரபுக் குறிப்பைச் சுமக்கும் பொருள்) துண்டுகள் இரத்தத்தில் கலக்கும். அந்தத் துண்டுகளின் அடையாளங்களைத் தேடுவதுதான் அது. மச்சாளே கொழும்பு ஆய்வுகூடமொன்றில் ஒழுங்கு செய்தாள்.

டொக்டரிடம் கேட்டேன். "இரத்தம் குடுக்கிறதெண்டால் குடுங்கோ. 'இல்லை' எண்டு வந்தாலும் ஊசி குத்தத்தான் வேணும். சின்னக் கட்டி இரத்தத்துக்குள்ள ஒண்டும் விடாமலும் இருக்கும்."

"ஓம் டொக்டர்" என்றேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். எனக்கு விளங்கியது. ஆனாலும் முடிவு வரட்டும் என்று அந்தச் செவ்வாய் போகவில்லை.

அடையாளம் எதுவும் காணப்படவில்லை என்று தாள் வந்தது.

என் மாமி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். சுகமானால் சுகமான உறுப்பை வெள்ளியில் கொடுப்பது எங்கள் வழக்கம். தாளைக் கண்டதும் சுகமாகிவிட்டதென்று என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலடிக் கடைக்குப் போனார். அங்கே கண், கை, கால், குழந்தை எல்லாம் இருந்தன. மாமி கடைக்காரியின் காதுக்குள் கேட்டார்.

"அது ஒருத்தரும் கேக்கிறேல்லையம்மா."

மாமி ஒரு இதயத்தை எடுத்தார். "கிட்டத்தானே இருக்கு. அவருக்கு விளங்கும்." நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஊசிக்குப் போகவேண்டும் என்று வீட்டில் ஒருமுறை சொன்னேன்.

"நன்றி குடுத்தாச்சு. இனிப் போய்ச் சோதிச்சால் அவரைப் பொய்யன் எண்டுற மாதிரி. உனக்குப் படிப்புக் கூடிப்போச்சு, பிள்ளை" என்றார் மாமி.

"தாளிலயும் இல்லையெண்டுதானே கிடக்கு" என்றார் கணவர், பொத்திக்கொண்டிருந்த மீன்வலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

சந்தேகப்பட்டால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்றும் பயந்தேன். கட்டி பெரிதாவது போலிருந்த நாட்களில், அந்தத் தாளை எடுத்து வாசிப்பேன். ஐந்து மாதம் அப்படி வாசித்தேன்.

முலைக்காம்பு உள்ளே இழுபட்டது. அக்குளில் இன்னொன்று தட்டுப்பட்டது. அப்போதுதான் போய் ஊசி குத்திக்கொண்டேன்; புற்றுநோய் என்று வந்தது. டொக்டர் ஏசவில்லை. "அண்டைக்கு வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்" என்றார்.

மச்சாள் அழுதழுது அதே சோதனையை மறுபடி செய்வித்தாள். இம்முறை அடையாளம் இருந்தது. என் மகளுக்கு முன்பே தெரிந்திருந்ததை இரத்தம் அப்போதுதான் சொன்னது.

கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்தேற்றல்) தொடங்குமுன் ஒரே நாளில் பால் மறக்கடிக்கவேண்டியிருந்தது. வலது மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசினேன். அவள் முகத்தைச் சுளித்து அழுதாள். பிறகு அந்தக் கசப்போடேயே குடித்தாள். நான்தான் பிடுங்கி எடுத்தேன். மருந்துகளுக்குப் பிறகு இடது மார்பை முழுதாக அகற்றினார்கள்.

இதை வாசிக்கும் தாய்மாரே, இரத்தம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் கட்டி தட்டுப்பட்டிருக்கும்போது 'இல்லை' என்று வரும் தாளை நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். என்னைப்போல் விளங்கிக்கொண்டே தள்ளிப்போடாதீர்கள்.

வெள்ளி இதயம் இன்னும் கோயிலில் தொங்குகிறது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கமில்லை. மாமி அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மகளின் வயதை இப்போது அவள் பிறந்த நாளிலிருந்து நான் எண்ணுவதில்லை. நான் போகாத அந்தச் செவ்வாயிலிருந்து எண்ணுகிறேன். அவள் ஒருகாலம் மறுத்த இடது பக்கத்தில்தான் தலை வைத்துத் தூங்குகிறாள். அங்கே தோல் மரத்துவிட்டது. அவள் தலையின் பாரம் தெரிகிறது. சூடு தெரிவதில்லை.