குந்தாவிலிருந்து வந்த ஆறு காசுகள்

நான் திருடி. என் சிநேகிதி சாவித்திரியின் வீட்டிலிருந்து ஒரு கனடா நாணயத் தொகுப்பை எடுத்துவந்தேன். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு வறுமையும் இல்லை, கடனும் இல்லை. கல்லூரி ஆசிரியை; சரவணம்பட்டியில் சொந்த வீடு. ஆனாலும் எடுத்தேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

சாவித்திரியின் மாமனார், குந்தா அணை வேலை நடந்த காலத்தில் அங்கே லாரி ஓட்டியவர். அந்த வேலைக்கு வந்திருந்த கனடா எஞ்சினியர் ஒருவர் அவருக்கு இரண்டு தொகுப்புகளைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். ‘ப்ரூஃப் லைக்’ என்று எங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் சொல்லும் ரகம் அது. கடைவீதியில் புழங்குவதற்கு அடித்த காசுகள் அல்ல. சேகரிப்பவர்களுக்கென்றே கூடுதல் கவனத்தோடு அச்சிட்டவை. ஒரு சென்ட் முதல் வெள்ளி டாலர் வரை ஆறு காசுகளையும் ஒளிபுகும் உறையில் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த உறையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் பாதி மதிப்பு போயிற்று.

கோவையில் இவற்றைத் தரம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உக்கடத்தில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும்போது எல்லாரும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது.

மாமனாரின் பெட்டியைத் திறந்தபோது இரண்டு தொகுப்புகளும் கிடைத்ததாகச் சாவித்திரி என்னை அழைத்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்றைப் பிரித்துத் தேய்த்தே விட்டிருந்தாள்.

“பாருங்க டீச்சர், எப்படிப் பளபளன்னு ஆயிருச்சு. ரொம்ப மங்கிக் கெடந்துச்சுங்க. வெள்ளிச் சாமான் தேய்க்க விபூதிய உட்டா வேறென்ன இருக்குது?”

உருப்பெருக்கியில் பார்த்தேன். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய பரப்பெல்லாம் கீறல். காசில் பொறித்திருந்த ராணியின் முகத்தில் படிந்திருக்க வேண்டிய வெண்மை அறவே போயிருந்தது.

இரண்டாவது தொகுப்பு பிரிக்கப்படாமல் இருந்தது. அதை விளக்கடியில் மெல்லச் சாய்த்தேன்... கருங்கண்ணாடி போன்ற தளத்தின் நடுவே ராணியின் முகம் மட்டும் வெள்ளைவெளேரென்று எழுந்து நின்றது. திருப்பினேன். டாலரின் மறுபுறத்தில் படகு வலிக்கும் இருவரும் அதே வெண்மையில்! இரு பக்கமும் இப்படி அமைந்த காசை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

“இதையும் பிரிச்சு, அந்தப் பெரிய காசுல ஒரு வளையம் பத்தவெச்சு, பேத்தி காதுகுத்துக்குச் சங்கிலில கோத்துப் போடலாம்னு இருக்கறனுங்க. ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு” என்றாள் சாவித்திரி.

வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “காச வித்துத் தின்ற நெலமைலயா இருக்கறோம்?” என்று சிரித்தபடி காப்பி போடப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் உறை என் கைப்பையில் இருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காப்பியைக் குடித்துவிட்டு வந்திருப்பீர்கள். நல்லவர்கள் நீங்கள். அந்த டாலர் ஆசாரியின் நெருப்பில் வெந்திருக்கும்.

எடுத்ததற்காக நான் வருந்தவில்லை. இன்னொரு முறை வாய்த்தாலும் எடுப்பேன்.

ஆனால்... மயிலாத்தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அவள் சாவித்திரி வீட்டில் வேலை செய்தவள். தொகுப்பைக் காணோம் என்றதும் எல்லாக் கண்களும் அவள் பக்கம் திரும்பின. என்னை யார் சந்தேகிப்பார்கள்? நான் டீச்சர், அவர்கள் சாதிக்காரி, அவர்களுக்குச் சமமாகச் சோபாவில் உட்காருகிறவள். மயிலாத்தாள் பின்வாசல் வழியாக வந்துபோகிறவள்.

போலீசுக்குப் போனால் ஊர் பேசும் என்று சாவித்திரி ஆனைமலைக்குப் புறப்பட்டாள். களவு கொடுத்தவர்கள் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், எடுத்தவர்களுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே!

“நானும் வாரேனுங்க” என்று மயிலாத்தாளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். “நானும் அரைக்கறேன். எடுத்தது நானா இருந்தா என்ற கை வெந்து போவட்டும்.”

அவள் அரைத்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கண்ணில் நீர் வழிய வழிய, நிறுத்தாமல் அரைத்தாள். கை கழுவப் போகும்போது என் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டாள்: “டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாங்க. நான் எடுக்கலைன்னு சொல்லுங்க.”

“எல்லாம் அம்மன் பாத்துக்குவா, மயிலா” என்றேன்.

அந்த வாயை என்ன செய்யலாம்? பிறகு சாவித்திரி கைகாட்ட, நானும் உட்கார்ந்து அரைத்தேன். என்னைப் பிடித்துக்கொடுக்கச் சொல்லி என் கையாலேயே அரைத்தேன்! மிளகாய் தொட்ட யாருக்கும் எரிவதுபோல் எரிந்தது; கழுவியதும் அடங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் நேரவில்லை. மயிலாத்தாளுக்குத்தான் அந்த வீட்டு வேலை போயிற்று. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

நான் அவளை என் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டேன். பரிகாரம் என்று எண்ணிவிடாதீர்கள், எனக்கும் ஆள் தேவைப்பட்டது... இல்லை, இது பொய். அவள் வேறெங்கும் போய் அழாமல் என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றுதான் வைத்துக்கொண்டேன்.

பேத்தியின் காதுகுத்து எப்போதோ முடிந்துவிட்டது. இனி எந்த ஆசாரியும் அந்த டாலருக்காகக் காத்திருக்கவில்லை. இன்றே போய்க் கொடுத்துவிடலாம். மயிலாத்தாளின் பெயரும் மீளும். காப்பாற்றவே எடுத்தேன் என்பது உண்மைதான்; இன்னும் வைத்திருப்பது எனக்காக. என் மரியாதைக்காகவும், விளக்கடியில் அதை நான் மட்டும் பார்க்கும் சுகத்துக்காகவும். என்னால் கொடுக்க முடியாது. கொடுக்கவும் மாட்டேன்.

போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தோம். படுக்கையறைப் பீரோவையும் துடைத்துவிடு என்றேன், வாய் தவறி. அந்த உறை அதற்குள்தான் இருக்கிறது. மயிலாத்தாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“பீரோப் பக்கம் மட்டும் நான் வரமாட்டேனுங்க, டீச்சரம்மா. தப்பா நெனைச்சுக்காதீங்க. நாளைக்கு எதாச்சும் ஒண்ணு காணோம்னா, நீங்க என்னைய ஒண்ணும் கேக்கமாட்டீங்க, எனக்குத் தெரியும். எனக்குத்தான் பயமா இருக்குதுங்க.”

துணியை என்னிடம் நீட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். நான் பீரோவைத் துடைத்தேன். இப்போதும் நான்தான் துடைக்கிறேன்.