இடது தாடையில் ஒரு கோடு

என் மனைவியின் அண்ணன் சலூன் வைத்திருக்கிறார். என் தையல் கடைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் கத்தி தீட்டினால் இந்தப் பக்கம் எனக்குப் பல் கூசும். தெருவில் அவருக்குப் 'பூக்கை' என்று பெயர். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு முகத்திலும் கீறல் விழுந்ததில்லை என்பார். புது ஆள் உட்கார்ந்தால் கழுத்தில் துணியைக் கட்டும்போதே அதைச் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சை நம்பித்தான் அடுத்த தெருவிலிருந்தெல்லாம் தாடையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எதிர் மாடியில் ஒரு மலையாள எழுத்தாளர் குடியிருந்தார். பெரிய ஆள் என்பார்கள். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், அவர் எழுதியதில் நான் என்னத்தைக் கண்டேன்? ஜிப்பா தைத்தவன் என்ற முறையில் கழுத்து பதினைந்தரை, வலது தோள் கொஞ்சம் இறக்கம், அவ்வளவுதான் தெரியும். ஒன்றுவிட்டு ஒரு நாள் இறங்கி வந்து மச்சானிடம் சவரம் செய்துகொள்வார். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

போன மாசம் சேதி வந்தது. ஆறு மலையாள எழுத்தாளர்களுக்கு அஞ்சல்தலை போடுகிறார்களாம், அதில் நம்ம ஆளும் ஒருவர். தெருவே துள்ளியது. தபால்காரர் தபால் இல்லாத வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் எழுத்தாளரின் மகள் ஓட்டமும் நடையுமாகச் சலூனுக்குள் வந்தார். கையில் மாதிரிப் படம், உள்ளங்கை அளவு. பின்னாலேயே அஞ்சல் அதிகாரி. நாளைக் காலையில் அச்சுக்குப் போகிறது, குடும்பத்தின் கையெழுத்து வேண்டுமாம்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்னு வந்தேன் அண்ணே! அப்பா எப்படி இருக்கார்?"

நாற்காலியில் ஒரு லாரி டிரைவர், பாதி முகம் நுரையோடு. மச்சான் கத்தியை ஓரமாக வைத்தார். படத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தப்பும்மா. முகம் இடம் வலமாத் திரும்பிக் கிடக்கு. தாடைத் தழும்புக் கோடு இடது பக்கம்ல இருக்கணும்?"

நானும் எட்டிப் பார்த்தேன். வழுக்கைத் தலை, அதனால் வகிடு கிடையாது. சால்வை போர்த்தியிருந்தார், பொத்தானும் தெரியவில்லை. வலமா இடமா என்று யாரால் சொல்ல முடியும்? அந்தக் கோடு விழுந்த பிறகு எடுத்த போட்டோ ஒன்றே ஒன்றுதான்; அதுவும் அதைப் பார்த்து இதை வரைந்த ஓவியரிடம் இருந்தது. மகள் அப்போது வெளியூரில் இருந்தவர். "ஜன்னல் கதவு கிழிச்சதுன்னு அப்பா சொன்னார். எந்தப் பக்கம்னு சத்தியமா ஞாபகம் இல்லண்ணே" என்றார்.

அதிகாரி சிரித்தார். "ஐயா, நீங்க அவரைக் கண்ணாடியிலதானே பாத்தீங்க? கண்ணாடியில பாத்துப் பழகினவருக்குச் சரியான படம் திரும்பினாப்பலதான் தெரியும்."

எனக்கே அது நியாயமாகப் பட்டது. "மச்சான், சார் சொல்றதும் சரிதானே?" என்றேன்.

"நீ பேசாம இரு மாப்ள! சவரம் கண்ணாடியப் பாத்தா பண்றாங்க? தாடையப் பாத்துப் பண்றோம்."

"சரி, எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" அதிகாரி பேனாவை மகளிடம் நீட்டிவிட்டார். அந்த அம்மாளும் வாங்கிக்கொண்டார்.

மச்சான் வாடிக்கையாளரைப் பார்த்தார். பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரைப் பார்த்தார். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அந்தக் கோட்டைப் போட்டதே நான்தான் சார்."

டிரைவர் நுரை முகத்தோடு திரும்பிப் பார்த்தான். மச்சான் மேலே சொன்னார்.

"ஏதோ கதை தோணிடுச்சு போல, சட்டுனு திரும்பிட்டார். காதுக்குக் கீழேருந்து ரெண்டு விரக்கடை. படிகாரம் தேய்ச்சும் ரத்தம் நிக்கல. 'ஜன்னல்னு சொல்லிக்கறேன், நீ வாயத் திறக்காதே'ன்னார். நாலு வருஷம் அந்த இடத்தைச் சுத்திச் சுத்தித்தான் கத்தி ஓட்டினேன். எனக்கா பக்கம் மறக்கும்?"

மகள் வாயைப் பிளந்தார். "அண்ணே! அந்த ஜன்னலை நான் ஆள் வச்சுப் பேத்து மாத்தினேனே!"

பெஞ்சில் ஒருத்தன் கொல்லென்று சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை, போனை எடுத்தார். படம் போட்ட ஓவியரிடம் கேட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது: "ஆமா சார், ஸ்டாம்பு ஓரத்துல அச்சடிக்கிற பேரை முகம் பாத்தாப்ல இருக்கட்டும்னு திருப்பிப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"இங்க ஒருத்தருக்குத் தெரியுது. இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரி பண்ணுங்க!"

என்னையும் அறியாமல் மச்சானைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார். கத்தியை எடுக்கக் கை வரவில்லை. டிரைவர்தான் தாடையைத் தூக்கிக் காட்டினான்.

"எனக்கும் ஒரு கோடு போட்டு விடுண்ணே. ஸ்டாம்பு வருதான்னு பாப்போம்."

அஞ்சல்தலை வெளியிட்ட அன்று தபால் ஆபீஸ் திறக்கும் முன்பே மச்சான் வரிசையில் முதல் ஆள். அடுத்து நான், கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு. ஒரு முழுத்தாள் வாங்கினார். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் அதை நீட்டி, மயிரிழை மாதிரி இருந்த அந்தக் கோட்டைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க. இந்த இடம் நம்ம வேலை!"