பிஸ்கட் கம்பெனி முதலாளியும் ஒரு குவியல் உப்பும்

போன புதன்கிழமை மதியம், மரக்காணம் உப்பளத்தின் நடுவே, கொட்டுகிற மழையில் ஒரு கட்சித் தலைவரின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நேரில் அல்ல... ஃப்ளெக்ஸ் பேனரில்.

ஏன் இழுத்தேன்? அதற்கு நீங்கள் முதலில் என் பிஸ்கட் கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆமாம், எனக்கு ஒரு பிஸ்கட் கம்பெனி இருக்கிறது. நான்கு தொழிற்சாலை, அறுபது லாரி... எல்லாம் போனுக்குள். கோதுமை வாங்க வேண்டும், சர்க்கரை வாங்க வேண்டும், பிஸ்கட் செய்து ஊர் ஊராக அனுப்ப வேண்டும். ரிட்டயரான மனுஷன் வேறு என்னதான் செய்வது? வாரத்தில் ஒரு நாள் உங்களுக்கு எழுதுகிறேன். மீதி ஆறு நாளும் பிஸ்கட் விற்கிறேன்.

அந்த கேமில் நான் கண்டுபிடித்த ரகசியம் ஒன்று உண்டு. குடோனே வைத்துக்கொள்ளக் கூடாது! சரக்கு தேங்கினால் வாடகை, காவலாளி, எலி... அங்கே எலிகூட உண்டு, நம்புங்கள். சரக்கு தயாராகிற நிமிடத்தில் லாரி வாசலில் நிற்க வேண்டும். 'ஜஸ்ட் இன் டைம்' என்பார்கள். இந்த ஒரே தந்திரத்தில் நாற்பத்திரண்டாவது லெவலுக்கு வந்துவிட்டேன். இதை ஒரு சாதனையாக என் மனைவி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தத் திமிரோடுதான் செவ்வாய்க்கிழமை மனைவியோடு மரக்காணம் போய் இறங்கினேன். அவள் அண்ணன் ஏழுமலை அங்கே குத்தகைக்கு உப்பளம் எடுத்திருக்கிறார். வெயில் காலமெல்லாம் வாரிய உப்பு கரையில் ஒரு வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மழை தொடங்கிவிட்டால் தை மாதம் வரை பாத்தியில் வேலை கிடையாது. அதுவரை அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது இந்தக் குவியல்தான். தென்னங்கீற்றால் மூடி வைத்து, விலை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பார்கள்.

நாங்கள் போனபோது டெம்போவில் கீற்று வந்து நின்றது. மூடுவதற்கு ஆட்களும் தயார். ஆனால் என் கண்ணுக்கு அங்கே உப்பு தெரியவில்லை. தேங்கிய சரக்குதான் தெரிந்தது.

"மச்சான், எதுக்கு இவ்ளோ ஸ்டாக்? மொத்தத்தையும் லாரில ஏத்தி அனுப்பிடுங்க. கீத்தும் மிச்சம், கூலியும் மிச்சம்."

மச்சான் தலையைச் சொறிந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு லாரி வருதுங்க மாப்ள. ஒரு லோடு மட்டும் ஏத்தலாம்னு..."

"இன்னும் நாலு லாரி சேத்து வரச் சொல்லுங்க. நாளைக்கு சாயங்காலம் இந்த எடம் காலியா இருக்கணும்."

"சரிங்க மாப்ள."

அவ்வளவுதான். கீற்று டெம்போ அப்படியே திரும்பி, அனுமந்தைப் பக்கம் வேறு யாருக்கோ போய்விட்டது. உப்பு வாருகிற பெண்களின் தலைவி அஞ்சலை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை. பத்து மணி ஆயிற்று, லாரி இல்லை. பதினொன்று ஆயிற்று, இல்லை. மச்சான் லாரி ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணா, கீழ்புத்துப்பட்டு கோயில்ல கீறோம். பையனுக்கு மொட்ட போட்டு காது குத்துறோம். டிரைவருங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. கறிசோறு வெந்துனு இருக்குது, சாப்ட்டதும் கெளம்பிடுவோம்!"

என் கம்பெனியில் அறுபது லாரி ஓடுகிறது. ஒரு டிரைவர்கூட இதுவரை காதுகுத்துக்குப் போனதில்லை. பச்சைப் பட்டனை அழுத்தினால் வண்டி வந்து நிற்கும். இன்னொன்று — அந்த ஊரில் மழையே பெய்யாது.

மரக்காணத்தில் பெய்யும். ஒரு மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. இரண்டு மணிக்குப் பெரிய பெரிய துளியாக விழுந்தது. மூடாத உப்பின் மேல் மழை விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள். குவியல் முழுக்கக் குழி குழியாக விழுந்து, அடியில் வெள்ளையாகத் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. ஒரு குடும்பத்தின் நாலு மாதச் சோறு ஓடுகிறது.

அஞ்சலைதான் கத்தினார். "ஏய், நின்னு பாத்துனு இருக்கீங்களே! ரோட்டோரம் இருக்கிற பேனரெல்லாம் கழட்டினு வாங்கடி!"

வந்தது பாருங்கள் ஒரு ஊர்வலம்! பிறந்தநாள் கொண்டாடுகிற தலைவர், நன்றி சொல்கிற தலைவர், மஞ்சள் நீராட்டு விழா, புது ஜவுளிக்கடை, கண்ணீர் அஞ்சலி... எல்லாக் கட்சியும் சண்டையில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்த ஒரே இடம் அந்த உப்புக் குவியல்தான். காற்றில் பறக்கப் பார்த்த ஒருவரின் காலை நான் பிடித்துக்கொண்டேன். என் மனைவி கல் தூக்கிவந்து அவர் மூக்கின் மேல் வைத்தாள்.

நான்கு மணிக்கு மழை விட்டது. கடல் பக்கம் கால்வாசி கரைந்துபோயிருந்தது. முக்கால்வாசி தப்பித்தது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததே இல்லை.

"மச்சான், மழ வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க மாப்ள."

"அப்பறம் ஏன் நான் சொன்னதக் கேட்டீங்க?"

"ஆளுங்க எதிர்ல சொல்லிட்டீங்க. வூட்டு மாப்ளைய வச்சினு, அதெல்லாம் வேணாம்னு எப்படிங்க சொல்றது? அசிங்கமாயிடாது?"

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கு உப்பக் கரைப்பியா ஏழுமல? நேத்தே ரெண்டு கோழி அடிச்சுப் போட்டு வூட்லயே படுக்க வச்சிருந்தா, மாப்ளைக்கு மரியாதயும் ஆச்சு, உப்பும் இருந்திருக்கும்!"

கேமில் தப்பான முடிவு எடுத்தால் சிவப்பு எழுத்தில் உடனே திட்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தலையாட்டுகிறார்கள். மாப்பிள்ளை, மேனேஜர், பணம் அனுப்புகிற துபாய் தம்பி... இவர்கள் என்ன உளறினாலும் எதிரில் நிற்பவர் 'சரி' என்கிறார். நாமும் நம்மைப் பெரிய மூளைக்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். எத்தனை பேர் எனக்காக இப்படி எதை எதையெல்லாம் கரையவிட்டார்களோ? நினைத்தால் பயமாக இருக்கிறது.

நேற்று மச்சான் போன் செய்தார். குரலில் அதே பணிவு.

"மாப்ள, வடக்கால சின்னதா இன்னொரு குவியல் இருக்குது. நாளைக்குக் கீத்து வருது, மூடிடுவோம். நீங்க நாளன்னைக்கு வாங்க. நண்டு வாங்கி வைக்கிறேன்."

"நாளைக்கே வரட்டுமா மச்சான்? நானும் கூடமாட ஒத்தாசையா..."

அந்தப் பக்கம் சட்டென்று சிக்னல் போய்விட்டது.